பின்காத்துல விழுந்த தம்பி: கன்னியா - நிலாவெளி காட்டுப்பாதையில நடந்த ஹீட் ஸ்ட்ரோக், ஒரு நிகழ்வு ஆய்வு

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காட்டுப்பாதையில சைக்கிள் ஓடுற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், அதிலயும் லீவுக்கு கொழும்பிலயிருந்தோ வெளிநாட்டிலயிருந்தோ திருகோணமலைக்கு வந்து இறங்கி அடுத்த நாளே மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுற பொடியள் கட்டாயம் வாசிக்கோணும். போன ஜூன் மாசம் பொசன் போயா லீவுக்குள்ள கன்னியாவுக்கு அங்கால போய் நிலாவெளிப் பக்கம் திரும்பி வாற கிறவல் (சரளைக்கல்) பாதையில எங்கட கூட்டத்துத் தம்பி ஒருத்தர் ஹீட் ஸ்ட்ரோக் (உடம்புச் சூடு அளவுக்கு மிஞ்சி ஏறி புத்தி தடுமாறுற நிலை) வந்து விழுந்தவர். ஆள் தப்பிட்டார், இப்ப சுகமா இருக்கார், அவர்ட சம்மதத்தோடதான் எழுதுறன், பேர் போடேல்ல.

ஊருக்குள்ள இந்தக் கதை வேற மாதிரித்தான் பரவினது. தண்ணி குடிக்காம வெயிலுக்க ஓடினவன், அதான் மயங்கி விழுந்தவன் எண்டு. அது பிழை. விழுகிறதுக்கு முதல் அவர் மூண்டு லீட்டருக்கு கிட்ட குடிச்சிருக்கிறார், அதில ஒரு லீட்டர் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைச்ச தண்ணி. வெயில் எண்டாலே தண்ணி, தண்ணி எண்டு மட்டும் கதைச்சுக்கொண்டிருந்தா அடுத்த ஆளும் இதே மாதிரித்தான் விழும், அதுதான் எனக்குப் பயம்.

நான் அண்டைக்கு கூடப் போகேல்ல. பிறகு போன ஆக்கள் ஒவ்வொருத்தரிட்டயும் தனித்தனியா இருந்து கேட்டு, தம்பிட வாட்ச்சில பதிஞ்சிருந்த வேகம், இதயத்துடிப்பு, நேரம் எல்லாத்தையும் பக்கத்தில வச்சுப் பார்த்துத்தான் இதை ஒழுங்குபடுத்தினன்.

முதல் காத்தைப் பற்றிச் சொல்லோணும். தென்மேல் பருவக்காத்து மழையை எல்லாம் மலைநாட்டுக்கு மேற்குப் பக்கத்திலயே கொட்டிப்போட்டு, மலையைத் தாண்டி எங்கட பக்கம் இறங்கேக்க காஞ்சு, சூடேறித்தான் வரும். அதுதான் கச்சான். மே மாசத்திலயிருந்து செப்டம்பர் மட்டும் இதுதான் எங்கட காலநிலை, பகல் 35 பாகைக்கு கிட்ட நிக்கும், மழை அருமை. விடியக்காலமை அவ்வளவு தெரியாது, எட்டு ஒன்பது மணிக்குப் பிறகுதான் காத்து எழும்பி அனல் மாதிரி முகத்தில அடிக்கத் தொடங்கும். இது அடிக்கிறது மேற்கு, தென்மேற்குப் பக்கத்திலயிருந்து. எங்கட வீடுகள் கடற்கரையில, கிழக்க. பாதைகள் எல்லாம் மேற்க, காட்டுப் பக்கம். அப்ப எந்தப் பாதையால போனாலும் போகேக்க முன்காத்து, வரேக்க பின்காத்து. வெயில் ஏறின நேரம் பார்த்துத்தான் பின்காத்தும் வரும், ஆளும் களைச்சிருக்கும். இதை மாத்தேலாது, ஊர் இருக்கிற இடம் அப்பிடி.

அப்ப விடிய 4.30க்கே வெளிக்கிட்டு ஏழு மணிக்குள்ள முடிக்கலாம்தானே எண்டு வெளியில இருந்து பார்க்கிற ஆக்கள் கேப்பினம். யானை. கன்னியாவுக்கு அங்கால, பெரியகுளம் பக்கம், இருட்டோடயும் விடியிற நேரத்திலயும் யானை பாதையில நிக்கும், அதுவும் ஜூனில பாலைப்பழம் பழுத்து விழுகிற காலம் எண்டபடியா காட்டோரமெல்லாம் நடமாட்டம். சைக்கிளில சத்தமில்லாம வளைவில போய் யானைக்கு முன்னால நிக்கிறதை விட வெயில் பறவாயில்லை எண்டுதான் எல்லாரும் நல்லா வெளிச்சம் வந்தாப்பிறகு வெளிக்கிடுறது. இதிலயும் நான் ஒண்டும் மாத்தச் சொல்லமாட்டன்.

இனி ஆள். வயது 29, கொழும்பில வேலை, நாள் முழுக்க ஏசிக்குள்ள இருக்கிற ஒபிஸ். ஆனா ஓட்டத்தில பலமானவர், ஞாயிற்றுக்கிழமைகளில 60 கிலோமீட்டர் தார் ரோட்டில அலுப்பில்லாம ஓடுறவர், அண்டைக்குப் போன ஆறு பேரில அவர்தான் நல்ல ஃபிட். முதல் நாள் இரவு பஸ்ஸில வந்தவர், நித்திரை சரியில்ல. தடிமனும் இருந்தது, அதுக்கு அந்தச் சின்ன மஞ்சள் பிரிட்டோன் (Piriton) குளிசை இரவு ஒண்டு, விடிய ஒண்டு போட்டிருக்கிறார். இது ஒருத்தருக்கும் தெரியாது, அவரும் சொல்லவேண்டிய ஒரு விஷயமா நினைக்கேல்ல. அந்த வகைக் குளிசை மூக்கு ஒழுகிறதை மட்டும் காய வைக்கிறேல்ல, வேர்வையையும் குறைக்கும். கொழும்புச் சூடு வேற, இது வேற, அதோட ஏசிக்குள்ள இருந்த உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு கிழமையிலயிருந்து ரெண்டு கிழமை எடுக்கும். பழகின உடம்பு வெள்ளனவே வேர்க்கத் தொடங்கும், கூட வேர்க்கும், வேர்வையில உப்பைக் குறைவா விடும். ஃபிட்டா இருக்கிறதும் சூட்டுக்குப் பழகி இருக்கிறதும் ரெண்டு விஷயம், முதலாவது இருக்கிற ஆள் ரெண்டாவதும் இருக்கெண்டு நம்பிப் போறார்.

நடந்தது

உப்புவெளியில 6.40க்கு வெளிக்கிட்டவை. கன்னியா மட்டும் தார் ரோட், அதில ஒண்டும் சொல்ல இல்ல. வெந்நீர் ஊற்றடியில கொஞ்ச நேரம் நிண்டு, அந்தியேட்டிக்கு (செத்த ஆக்களுக்குச் செய்யிற கிரியைக்கு) வந்த சனம் கூட இருந்தபடியா கெதியா வெளிக்கிட்டு, எட்டு மணிக்கு முதல் கிறவலுக்குள்ள இறங்கியிருக்கினம்.

அங்கயிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல மேற்க, முகத்துக்கு நேர காத்து. பாதை பாதி கிறவல், பாதி மணல். தம்பிட டயருக்கு தார் ரோட்டுக்கு அடிச்ச காத்து, 50 பிஎஸ்ஐ, அப்பிடியே கல்லு மாதிரி. மத்த ஆக்கள் கன்னியாவில நிக்கேக்க காத்தை இறக்கிப் பாதியாக்கிப்போட்டினம், அவர் இறக்கேல்ல, திரும்ப அடிக்கிறது கரைச்சல் எண்டு. கல்லு மாதிரி டயர் மணலுக்க புதைஞ்சு கீறிக்கொண்டுதான் போகும், மத்த ஆள் அலுங்காம போற இடத்தில இவர் முறுக்கி மிதிக்கோணும். அந்த ஒரு மணித்தியாலத்தில இவர்ட இதயத்துடிப்பு 160க்கு பக்கத்தில நிண்டிருக்கு. கஷ்டப்பட்டிருக்கிறார், ஆனா ஆள் நல்லா இருந்திருக்கிறார், காத்து அடிச்சுக்கொண்டிருந்தபடியா சூடு தெரியேல்ல எண்டு அவரே சொன்னவர்.

9.20க்கு குளக்கட்டில மருதமர நிழலில ஒரு பத்து நிமிஷம். குடிச்சு, முகம் கழுவி, பகிடி விட்டுக்கொண்டு இருந்தவர். அதில ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரேல்ல.

9.35க்கு கிழக்க திரும்பினவை. எல்லாரும் சொன்ன ஒரே வசனம், இனி லேசு, காத்து தள்ளும் எண்டதுதான். உண்மையாவே தள்ளினது, வேகம் 13, 14இல இருந்து 20, 22க்கு ஏறினது. பத்து மணி போல தம்பி கதையை நிப்பாட்டினார். பின்னால வந்தவர் சொன்னது, அவர்ட சைக்கிள் கோடு கோணலாகத் தொடங்கினது, இறக்கத்திலயும் லேசான கியருக்கு மாத்தி வெறுமன மிதிச்சுக்கொண்டு போனவர், பிறகு தெரிஞ்ச திருப்பத்தைக் கூட விட்டுட்டு நேர போகப் பார்த்தவர். கூப்பிட்டுத் திருப்பினதுக்கு எரிஞ்சு விழுந்திருக்கிறார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் இல்ல. களைச்சுப்போனார் எண்டு நினைச்சு விட்டுட்டினம்.

10.18க்கு மணலுக்க மெல்லச் சரிஞ்சு விழுந்தார். அடிபடேல்ல. எழும்பி இருந்துகொண்டு "பஸ் எத்தினை மணிக்கு, பாக் எங்க?" எண்டு கேட்டார். ஒருக்கா சத்தி எடுத்தார். உடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஆனா வேர்வை இருந்தது. இந்த இடத்தில ஒருத்தர், வேர்க்குதுதானே, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்ல எண்டு சொல்லியிருக்கிறார். தோல் காஞ்சுபோய் இருக்கோணும் எண்டது வீட்டுக்குள்ள இருக்கிற வயசான ஆக்களுக்கு வாற வகைக்குத்தான் கூடப் பொருந்தும், ஓடி விளையாடி வாற ஹீட் ஸ்ட்ரோக்கில வேர்வை இருக்கும். அடையாளம் தோல் இல்ல, புத்தி. கடும் சூட்டில உடம்பை வருத்தின ஆள் பிழையாக் கதைக்கத் தொடங்கினா, உள் சூடு 40 பாகையைத் தாண்டிட்டுது எண்டு எடுத்துக்கொண்டு உடன குளிராக்கத் தொடங்கோணும்.

வாட்ச் காட்டினது

இதுதான் எனக்கு முக்கியம். குளக்கட்டில இருந்து விழுந்த இடம் மட்டும் பாதை மெல்லிய இறக்கம், காத்து பின்னால, மிதிக்க வேண்டிய பாரம் குறைஞ்சிருக்கு. ஆனா இதயத்துடிப்பு 158இல தொடங்கி 165, 172, கடைசியில 181. பாரம் குறையக் குறைய துடிப்பு ஏறியிருக்கு. உடம்பு சூட்டை வெளியில தள்ள ரத்தத்தை எல்லாம் தோலுக்கு அனுப்பிக்கொண்டு, காலுக்கும் குடுக்கப் பார்த்து, ரெண்டுக்கும் காணாம இதயம் அடிச்சுக்கொண்டு இருந்திருக்கு.

ஏன் எண்டு கணக்குப் பார்த்தா விளங்கும். சைக்கிள் மிதிக்கிற சக்தியில முக்கால் பங்குக்கு மேல சூடாத்தான் போகுது, 200 வாட்ஸ் மிதிக்கிற ஆளுக்குள்ள 700 வாட்ஸ் மாதிரி சூடு பிறக்கும். வெளியில 35 பாகை எண்டா தோலுக்கும் காத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அப்ப சூடு வெளியேற இருக்கிற ஒரே வழி வேர்வை காயிறதுதான். ஒரு மணித்தியாலத்தில ஒரு லீட்டர் வேர்வை முழுசா காஞ்சா 670 வாட்ஸ் மாதிரி சூட்டைக் கொண்டு போகும். காயோணும். மூக்கு நுனியால சொட்டி மணலில விழுகிற வேர்வை ஒரு சூட்டையும் கொண்டு போறேல்ல. காயிறதுக்கு காத்து தோலுக்கு மேலால ஓடோணும்.

போகேக்க கச்சான் 20 கிலோமீட்டர் வேகத்தில முன்னுக்கு அடிக்குது, இவர் 14இல போறார், அப்ப உடம்பில படுற காத்து 34. வரேக்க கச்சான் அதே 20, இவரும் அதே திசையில 20. உடம்பில படுற காத்து கிட்டத்தட்ட ஒண்டுமில்ல. தன்னோடயே ஓடுற ஒரு சூட்டுக் கூட்டுக்குள்ள 40 நிமிஷம் மிதிச்சிருக்கிறார், மேல வெயில், கீழ கொதிக்கிற மணல், ரெண்டு பக்கமும் பற்றைக்காடு. அதுக்குமேல வேர்வையைக் குறைக்கிற குளிசை. இந்த நிலைமையில வயித்துக்குள்ள எத்தினை லீட்டர் தண்ணி இருந்தாலும் அது உள்ள இருக்கிற சூட்டை வெளியில எடுக்காது. தண்ணி குடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, குடிக்கத்தான் வேணும், ஆனா அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணியா ஊத்திக்கொண்டிருந்தா ரத்தத்தில சோடியம் குறைஞ்சு அது வேற ஆபத்து.

இதே கணக்கில ஒரு நல்ல விஷயமும் இருக்கு. பின்காத்தில சைக்கிளை நிப்பாட்டினா அந்த 20 கிலோமீட்டர் காத்து முழுசா உடம்பில படும். ஓடுறதை விட நிக்கிறது குளிர். தார் ரோட்டில பழகின ஆக்களுக்கு இது தலைகீழ், அவை ஓடினாத்தான் காத்து எண்டு நம்புறவை, சூடு கூடக் கூட இன்னும் கெதியா ஓடி முடிப்பம் எண்டு மிதிப்பினம்.

தப்பினது எப்பிடி

கூட்டத்தில ஒரு அண்ணா ஆண் தாதி, ஆஸ்பத்திரி வாட்டில வேலை செய்றவர். ஒருத்தர் பனடோல் குடுப்பம் எண்டு எடுத்ததை அவர்தான் தடுத்தவர். காய்ச்சலில மூளையே சூட்டைக் கூட்டி வச்சிருக்கும், பனடோல் அதைத்தான் இறக்கும், இங்க மூளை கூட்டேல்ல, சூடு வெளியேற வழியில்லாம தேங்கி நிக்குது, அதோட ஏற்கனவே அடிபடுற ஈரலுக்கு இன்னொரு பாரம். புத்தி தடுமாறுற ஆளுக்கு வாயால தண்ணி பருக்கவும் விடேல்ல, புரைக்கேறி நெஞ்சுக்குள்ள போயிடும் எண்டு.

உடன 1990க்கு அடிச்சுச் சொல்லியாச்சு. ஆனா சுவசெரிய அம்புலன்ஸ் வந்தாலும் அந்த மணலுக்குள்ள வராது, மெயின் ரோட்டுக்கு கொண்டு போகோணும். இந்த இடத்தில எல்லாரும் செய்யிறது, ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுறது. தாதி அண்ணா மறுத்திட்டார். முதல் குளிராக்கு, பிறகு ஏத்து எண்டார். உள் சூடு 40க்கு மேல இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் மூளையும் சிறுநீரகமும் ஈரலும் அவிஞ்சுகொண்டு இருக்கு, அரை மணித்தியாலத்துக்குள்ள இறக்கினா ஆள் பெரும்பாலும் முழுசாத் திரும்பும்.

வாட்டர் பம்ப் ஓடுற சத்தம் கிட்டக் கேட்டது, வெங்காயத் தோட்டம். நாலு பேர் தூக்கிக்கொண்டு போக, தோட்டத்து ஐயா ஒரு கேள்வியும் கேக்காம வெங்காயம் காயப்போடுற நீலப் படங்கை (தார்ப்பாயை) இழுத்து விரிச்சார். ஹெல்மெட், சப்பாத்து, ஜேர்சி எல்லாம் கழட்டி ஆளை நடுவில கிடத்தி, நாலு பக்கமும் படங்கைத் தூக்கிப் பிடிச்சு தொட்டி மாதிரி ஆக்கி, பம்ப் ஹோஸை உள்ள விட்டு நிரப்பினவை. தலையை ஒருத்தர் மடியில தாங்கிக்கொண்டிருக்க, மத்தவை படங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி தண்ணியை அலையவிட்டினம், ஏனெண்டா அசையாத தண்ணி உடம்போட ஒட்டி சூடாகி நிண்டிடும். கிணத்துத் தண்ணி ஐஸ் மாதிரி இல்லத்தான், ஆனாலும் புதுத் தண்ணி விழ விழ சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐயாட மகன் மோட்டார் சைக்கிளில நிலாவெளிக்குப் பறந்து மீனுக்குப் போடுற ஐஸ் ஒரு யூரியா பாக்கில கொண்டு வந்தார், அதையும் உள்ள கொட்டினவை.

கொஞ்ச நேரத்தில தம்பி கண்ணைத் திறந்து தாதி அண்ணாட பேரைச் சொன்னார். 20 நிமிஷம் தாண்ட நடுங்கத் தொடங்கினார், அப்பத்தான் வெளியில எடுத்தது. ஈரத் துணியால போர்த்தி லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு ட்ராக்டர்) பெட்டியில ஏத்தி மெயின் ரோட், அங்க அம்புலன்ஸ் நிண்டது. ஆஸ்பத்திரியில 11.25க்கு பின்வழியால வச்சுப் பார்த்த சூடு 38.4. அக்குளுக்க வைக்கிறதையோ காதில வைக்கிறதையோ இதுக்கு நம்பேலாது, குறைச்சுக் காட்டும்.

மூண்டு நாள் வாட்டில வச்சிருந்தவை. ஆள் எழும்பி இருந்து சாப்பிடுறார், ஏன் மறிச்சு வச்சிருக்கினம் எண்டு வீட்டு ஆக்களுக்கு விளங்கேல்ல. தசை உடைஞ்சு ரத்தத்தில கலக்கிற சிகே அளவு முதல் நாள் இல்ல, ரெண்டாம் மூண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், ஈரல் என்சைமும் அப்பிடித்தான். இவருக்கு ரெண்டும் ஏறித்தான் இறங்கினது, சலம் தேத்தண்ணி நிறத்தில போய், சேலைனோட தெளிஞ்சது. சிறுநீரகம் தப்பிட்டுது.

இப்ப நாங்க ஓடுற விதம்

வெளிக்கிடுற நேரத்தை மாத்தேல்ல, தூரத்தைக் குறைச்சிருக்கிறம். மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் குளக்கட்டு வரைக்கும் போறேல்ல, ஒன்பது மணிக்குள்ள கிழக்க திரும்பிடுவம். பின்காத்தில 15 நிமிஷத்துக்கு ஒருக்கா கட்டாயம் நிப்பம், நிழல் இருந்தா நல்லம், இல்லாட்டியும் காத்துக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு ஜேர்சியை தண்ணியில நனைச்சுக்கொண்டு நிப்பம். குடிக்கிற தண்ணியை விட நனைக்கிறதுக்கு எண்டு தனியா ஒரு போத்தல் கொண்டு போறம், பின்காத்தில அந்தப் போத்தல்தான் கூட வேலை செய்யுது எண்டு நான் நினைக்கிறன்.

நிக்கிற நேரம் பின்னால வாற ஆள் ஒவ்வொருத்தரிட்டயும் ஒரு சாதாரண கேள்வி கேப்பார், கடைசியா எந்தக் குளத்தடியால வந்தனாங்கள் எண்ட மாதிரி. பதில் பிந்தினாலோ, எரிச்சலா வந்தாலோ அந்த இடத்தில ஓட்டம் முடிஞ்சுது. வெளிக்கிட முதல் காய்ச்சல், தடிமன், வயித்தோட்டம், என்ன குளிசை போட்டனீங்கள் எண்டு வாய்விட்டுக் கேக்கிறம், இது பொம்பிளைப் பிள்ளையளும் வாற கூட்டம் எண்டபடியா முதலில கொஞ்சம் கூச்சமா இருந்தது, இப்ப பழகிட்டுது. கிறவலுக்க இறங்க முதல் டயர் காத்தை இறக்காத ஆளை விட்டுட்டு ஒருத்தரும் நகர மாட்டம், ட்யூப் போட்ட டயரை அளவுக்கு மிஞ்சி இறக்கினா கல்லில பட்டு ட்யூப் வெட்டுப்படும், அதனால 25 பிஎஸ்ஐக்கு கீழ போறேல்ல.

ஒரு சின்னப் படங்கு மடிச்சு ஒரு ஆள்ட பாக்கில எப்பவும் இருக்கும். பாதையோரம் கிணறு, பம்ப் உள்ள தோட்டங்கள் எல்லாத்தையும் போய்க் கண்டு, அந்த அந்த ஆக்களோட கதைச்சு, போனில இடம் குறிச்சு வச்சிருக்கிறம். ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்ல.

தம்பியை டொக்டர் ஒரு கிழமை முழு ஓய்வு, பிறகு ரத்தம் திரும்பப் பார்த்து எல்லாம் வழமைக்கு வந்தாப்பிறகுதான் மெல்ல மெல்லத் தொடங்கலாம் எண்டு சொல்லி விட்டவர், ஒருக்கா வந்த ஆளுக்கு அந்த முதல் மாசங்களில திரும்ப வர இடமிருக்கு. ஓகஸ்டில லீவுக்கு வந்தவர் பின்னேரங்களில இன்னர் ஹார்பர் ரோட்டில மட்டும் ஓடினார், துடிப்பு 140ஐத் தாண்டாம பார்த்துக்கொண்டு. மாரி முடிஞ்சு பெப்ரவரியில எங்களோட அதே பாதையால முழுக்க வந்திட்டார். இந்த ஜூனும் வாறாராம், முதல் கிழமை காட்டுக்குள்ள வரேல்ல, பின்னேரத்தில நிலாவெளி ரோட்டில மட்டும் எண்டு அவரே போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்.